பனிக்காலக் கரைவலையும் நம் வயலுக்கு வரும் மீன் எருவும்

பவானிக்கும் கடலுக்கும் இடையே வெகு தூரம் உண்டு. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாய்ச் சென்றாலும், கிழக்கே காவிரியின் போக்கைப் பின்பற்றிச் சென்றாலும், 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்தாலன்றி அலையோசை காதில் விழாது. ஆயினும் கடற்கரை மணல் நம் மஞ்சள் தோட்டங்களுக்கும் கரும்பு வயல்களுக்கும் வந்து சேருவதுண்டு. அது மீன் எரு என்னும் பெயருடன் மூட்டையில் வருகிறது. அந்த மணலுக்கு மீனின் விலையைக் கொடுப்பதோடு, லாரிக் கூலியையும் நாமே கொடுக்கிறோம். கடலோரத்தில் மீன் எவ்வாறு பிடிக்கப்படுகிறது, எப்பொழுது மிகுதியாய்க் கிடைக்கிறது, எவ்வாறு எருவாகிறது என்பவற்றை ஒருவாறு அறிந்துகொண்டால், இம்மணல் எங்கே புகுந்தது என்பது விளங்கும். விளங்கியபின் மூட்டையைச் சோதிப்பது கடினமன்று.

கடலோரத்து மீன்பிடிப்பு ஆண்டு முழுவதும் ஒரே சீராய் நடப்பதன்று. நமக்கு ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் இருப்பதுபோல வலைக்கும் பட்டம் உண்டு. மேலைக்கரையில், அதாவது கேரளத்துக் கரையிலும் அதற்கு வடக்கே மங்களூர்ப் பக்கத்துக் கரையிலும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் கடல் கொந்தளித்துச் சிறு தோணிகள் இறங்க இயலாது. ஆனால் அக்காலத்திலேயே கடலுக்குள் ஒரு பெரிய நன்மை நிகழ்கிறது. காற்றின் விசையால் மேல்நீர் கரையைவிட்டு விலக, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுந்து வருகிறது. அந்த நீரில் பயிருக்கு வேண்டிய உப்புச் சத்துக்கள் தங்கியிருப்பதால், சூரிய ஒளி பட்டவுடன் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பாசிகள் அளவின்றிப் பெருகுகின்றன. நாம் அடிமண்ணைப் புரட்டி மேலே கொணர்வதற்கு ஒப்பான வேலையை அங்கே காற்று செய்கிறது என்று கொள்ளலாம். பாசியைத் தின்ன மத்தி மீன் கூட்டங்கூட்டமாய்க் கரையோரம் வருகிறது. மழை ஓய்ந்து, புரட்டாசி கழிந்து, கடல் அமைதியடையும்போது மீன் கொழுத்தும் கரைக்கு அண்மையிலும் இருக்கும். ஆகையால் ஐப்பசி முதல் தை வரையிலான குளிர்ந்த மாதங்களே அங்கே அறுவடைக் காலம்.

கீழைக்கரையின் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே புயலும் மழையும் மிகுதி. வாடைக்காற்றினால் கரையில் அலை உயர்ந்து எழும். மார்கழிக் கடைசியில் காற்றுத் தணிந்த பிறகே கரைவலையைத் தாராளமாய் இறக்க முடியும். தை, மாசியில் பனி விலகாத விடியற்காலையில், நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும் நேரத்தில் அலை படிந்து கிடக்கும். வலையிறக்க அதுவே உகந்த நேரம். கன்னியாகுமரி ஜில்லாவில் மேற்கு முகமாயுள்ள கரைகளில் இவ்வலையைக் கரமடி என்று வழங்குவர். அங்கே பட்டம் மேலைக்கரையின் வழியை ஒட்டியது.

கரைவலை என்பது யாதெனில், நடுவில் பையைப் போன்ற மடியும், இருபுறமும் நீண்ட இறக்கைகளும், அவற்றின் நுனிகளில் மிக நீளமான கயிறுகளும் உடைய பெருவலை. இறக்கையின் கண்கள் கயிற்றுப் பக்கத்தில் அகலமாயிருந்து, மடியை நெருங்க நெருங்கச் சிறுத்துக்கொண்டே போகும். மேல்விளிம்பில் மிதப்புக் கட்டைகளும், கீழ்விளிம்பில் கல் அல்லது ஈயக் குண்டுகளும் கட்டப்பட்டிருக்கும். முற்காலத்தில் வலை பருத்தி நூலாலோ சணல் நூலாலோ பின்னப்பட்டது. கயிறு தென்னை நாரினாலானது. இப்பொழுது வலை நைலானாய் மாறிவிட்டது.

ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் நிற்போர் பிடித்துக்கொள்ள, வள்ளமோ படகோ கடலுக்குள் செல்லும். (நம் பக்கத்தில் தானியம் அளக்கும் வள்ளம் வேறு, இந்த வள்ளம் வேறு.) கயிற்றையும் வலையையும் சிறிது சிறிதாய் நீரில் விட்டுக்கொண்டே அரைவட்டமாய்ச் சுற்றி, மறு கயிற்றின் நுனியுடன் வேறோரிடத்தில் கரையேறுவர். பிறகு இரண்டு அணியார் இரண்டு கயிறுகளையும் இழுப்பர். இழுக்க இழுக்க இரு அணியும் ஒன்றையொன்று நெருங்கி வரவேண்டும். ஓரணி முந்திவிட்டால் மடி சாய்ந்து மீன் தப்பிவிடும். இதற்காகவே மடியின் பின்னால் நீந்தி வருவோர் கரையிலிருப்போருக்குக் குரல் கொடுத்துக்கொண்டும், நீரை அடித்து மீனை உள்ளே விரட்டிக்கொண்டும் வருவர். ஏற்றம் இறைத்தவருக்கும் கவலை ஓட்டியவருக்கும் கூட்டு வேலையின் தாளம் தெரியும். கரைவலையிலும் அத்தாளம் உண்டு. ஒரு முறை வலை வளைத்து இழுக்கப் பல மணி நேரம் ஆகும். சில நாள் மடி நிறையும். சில நாள் பாசியும் சொறிமீனுமே வரும். கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்வதே வழக்கம். வலைக்கும் படகுக்கும் ஒரு பங்கும், உழைத்தவர்களுக்கு மற்றப் பங்குகளுமாய்ப் பிரியும். நம் வாரச் சாகுபடியின் சாயல் இதில் இருப்பதைக் காணலாம்.

இந்த வகை வலைகளுள் மிகப் பெரியது தென் கன்னடக் கரையில் வழங்கிய ராம்பாணி வலை. அந்த ஜில்லா 1956 வரையில் நம் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. பல குடும்பத்தார் தத்தம் வலைத்துண்டுகளைக் கொணர்ந்து ஒன்றாய்ப் பிணைத்து ஒரே வலையாக்குவர். கொடுத்த துண்டுக்கு ஏற்பப் பங்கு. இழுப்பதற்கு ஐம்பது பேருக்கு மேல் வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கி மாசி வரையில் மத்தியும் கானாங்கெளுத்தியும் இவ்வலையில் விழுந்தன. பெருங்கூட்டம் சிக்கிய நாட்களில் முழுவதையும் கரையேற்றாமல், ஆழமற்ற நீரில் வலையைச் சுற்றி நிறுத்தி, கிணற்று நீரை வேண்டும்போது இறைத்துக்கொள்வதுபோல, சில நாட்கள் வரை மீனை அவ்வப்போது அள்ளிக்கொள்வதும் உண்டு. 1970-களில் விசைப்படகிலிருந்து வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலைகள் வந்தபின், மீன் கரையை அணுகுமுன்னரே பிடிபட்டமையால் ராம்பாணி ஏறக்குறைய மறைந்தது. இலங்கையின் வடக்குக் கரைகளிலோ, உழவு டிராக்டரில் சுழல்பொறி பூட்டிக் கரைவலையை இழுக்கும் முறை புகுந்து, கையால் இழுப்போருடன் பெரும் சச்சரவுக்கு இடமாயிற்று. உழுவதற்கென்று செய்த யந்திரம் கடற்கரையில் மீன் இழுக்கப் போனது நம் குடியானவர்களுக்கு வேடிக்கையாய்த் தோன்றலாம். கயிறிழுத்துக் கூலி பெற்றவர்களுக்கு அது வேடிக்கையன்று.

இனி எருவுக்கு வருவோம். பனிக்கட்டி கிடைக்காத அக்காலத்தில், ஒரே நாளில் மலைபோல் குவிந்த மத்தியை என்ன செய்வது? அண்டை ஊர்களில் விற்றது போக, உப்பிட்டது போக, மீதி மீன் கடற்கரை மணலிலேயே பரப்பப்பட்டது. வெயிலில் காய்ந்ததும் வாரி மூட்டை கட்டினார்கள். மத்தி நெய்ப்பசை மிகுந்த மீன். காயும்போது நெய் கசிந்து மணலைப் பற்றிக்கொள்ளும். செதிளுக்குள்ளும் செவுளுக்குள்ளும் மணல் புகும். வாரும்போது இன்னும் கொஞ்சம் சேரும். இவையெல்லாம் எவர் குற்றமுமில்லாமல் சேருபவை. இவற்றின்மேல் வேண்டுமென்றே சேர்க்கப்படும் மணலும் உண்டென்பதைச் சொல்லத் தேவையில்லை. எண்ணெய் எடுக்கும் முறையோ அதைவிட மோசம். பழைய தோணிகளில் மீனைக் குவித்து வெயிலில் அழுகவிட்டு, மிதந்த எண்ணெயை வழித்தெடுத்தார்கள். எண்ணெய் கறுத்து நாறும். எருவின் சத்தும் காற்றோடு போகும்.

இந்நிலையை மாற்ற முயன்றவர் நம் ஜில்லாவோடு நெருங்கிய தொடர்புடையவர். 1887-இல் வெளியான கோயமுத்தூர் ஜில்லா மானுவலைத் தொகுத்த பிரெடெரிக் நிக்கல்ஸன் துரைதான் அவர். நம் கிணறுகளையும் காடுகளையும் குடியானவர் கடனையும் நுணுகி ஆராய்ந்த அவரே, விவசாய பாங்குகளைப் பற்றி 1895-இலும் 1897-இலும் அறிக்கை எழுதி, 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்துக்கு வழிகோலியவர்களுள் ஒருவரானார். உத்தியோகத்திலிருந்து விலகும் வயதில் ஓய்வெடுக்காமல் கடலை நோக்கித் திரும்பினார். 1907-இல் சென்னையில் மீன்வள இலாகாவுக்கு அடிகோலியவர் அவரே. ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டு மீன்பிடி முறைகளைப் பார்வையிட்டு வந்தார். பின்னர் மலையாளக் கரையில் தானூரில் சோதனைச் சாலை அமைக்கப்பட்டது. உள்நாட்டுப் பயிரைக் கண்டறிந்தவர் கடலுக்குப் போனதனால்தான், மீனை உணவாக மட்டும் கருதாமல் எருவாகவும் கருதினார் என்பது என் எண்ணம்.

தானூர் முறை மிக எளியது. புதிய மத்தியைத் திறந்த கொப்பரையில் நீரிட்டுக் காய்ச்சி, கயிற்றுப் பைகளில் இட்டு, திருகு அச்சில் வைத்துப் பிழிவர். எண்ணெயும் நீரும் வடிந்து தொட்டியில் விழும். எண்ணெய் மிதக்க, அதைத் தெளியவைத்து எடுத்துக்கொள்வர். பையில் தங்கிய சக்கையைப் பாயிலோ களத்திலோ உலர்த்தினால் அதுவே மீன் குவானோ. மீன் மணலில் படாததால் மணல் இல்லை; எண்ணெய் நீங்கியதால் நிலத்தில் விரைவில் மக்கும். செக்கில் ஆட்டிய கடலைப் பிண்ணாக்குக்கும் ஆட்டாத கடலைப் பருப்புக்கும் உள்ள வேற்றுமையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். பெருங்கருவிகள் வேண்டாத காரணத்தால், மீனவரும் வியாபாரிகளும் இம்முறையைக் கைக்கொண்டு, மலையாளத்திலும் தென் கன்னடத்திலும் நூற்றுக்கணக்கான சிறு ஆலைகளை ஏற்படுத்தினர். குவானோவின் பெரும்பகுதி இலங்கைத் தோட்டங்களுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பலேறிற்று. தானூரும் ஈரோடும் ஒரே ரயில் பாதையில் அமைந்திருந்தும், எரு நம் பக்கம் வராமல் கடல் தாண்டிச் சென்றது வருந்தத்தக்கது.

மத்தியை நம்பிய தொழில் நிலையானதன்று என்பதையும் சொல்லவேண்டும். 1940-களில் பல ஆண்டுகள் தொடர்ந்து மத்தி வரவில்லை. அப்போதைய அரசாங்கம் சிறு மீன் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. பின்னர் மீன் திரும்பியது. அண்மையில், கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,500 டன்னுக்கும் கீழே இறங்கியது. கடல்நீரின் வெப்பமும் மழையின் மாறுதலும் ஒரு காரணம். முட்டையிடும் பருவம் அடையுமுன் குஞ்சு மீனை வாரிக்கொள்வது மற்றொரு காரணம். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாது என்று கேரள அரசாங்கம் 2015-இல் விதித்தது. மனிதர் உண்ணாத அக்குஞ்சு மீனுக்கு விலை தருவோர் எருவும் கோழித் தீவனமும் செய்பவர்களே. ஆகவே மூட்டையைப் பிரித்ததும் விரல் நீளம்கூட இல்லாத மீன்களே நிறைந்திருக்கக் கண்டால், அது வரும் ஆண்டுகளின் விதை மீனென்று அறியவேண்டும். விதைநெல்லைக் குத்திச் சோறாக்குபவரிடம் நாம் நெல் வாங்குவோமா?

நல்ல மீன் எருவில் நூற்றுக்கு 4 முதல் 10 பங்கு வரை தழைச்சத்தும், 3 முதல் 9 பங்கு வரை மணிச்சத்தும் இருக்கும். சாம்பல்சத்து மிகக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வுக்கு மீன் வகை ஓரளவு காரணமாயினும், மணலும் ஈரமும் பெருங்காரணம். ஓர் உதாரணம் பார்ப்போம். மணலற்ற எருவில் தழைச்சத்து நூற்றுக்கு 7 என்று வைத்துக்கொள்வோம். ஏக்கராவுக்கு 10 கிலோ தழைச்சத்து இடவேண்டுமானால் அதில் 143 கிலோ போதும். அதே எருவில் நூற்றுக்கு 30 மணல் கலந்திருந்தால், தழைச்சத்து 4.9 ஆகிவிடும், 204 கிலோ வேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 61 கிலோவும் மணலே. பவானி ஆற்றங்கரையில் இல்லாத மணலா?

சோதிக்கும் முறை இது. மேல் மூட்டையில் மட்டும் மாதிரி எடுக்கலாகாது. வண்டி ஆட்டத்தில் மணல் அடியில் தங்கிவிடுமாகையால், ஐந்தாறு மூட்டைகளின் மேல், நடு, அடி ஆகிய இடங்களிலிருந்து கைப்பிடி கைப்பிடியாய் எடுத்து ஒன்றாய்க் கலந்து, இடித்துத் தூளாக்கவேண்டும். அதில் 100 கிராம் நிறுத்து, அகன்ற பாத்திரத்தில் நீர் ஊற்றிக் கலக்கி, சற்றுப் பொறுத்து, மேல் நீரை மிதக்கும் தூளோடு மெல்ல வடிக்கவேண்டும். அரிசியில் கல் அரிப்பதுபோல் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால், கடைசியில் மணலும் சிறிது எலும்பும் தங்கும். எலும்பு வெண்மையாய் விரலுக்கு இலேசாய்ப்படும், மணல் நறநறக்கும். எலும்பைப் பொறுக்கிவிட்டு, உலர்த்தி நிறுத்தால், எத்தனை கிராமோ அத்தனை சதவிகிதம் மணல். முதலில் வடித்த நீரை நாவில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் உப்பும் தெரிந்துவிடும். உணவுக்கென்று உப்பிட்டுக் கெட்டுப்போன கருவாட்டை எருவென்று தள்ளிவிடுவது உண்டு. காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் வடிகால் குறைந்து உவர் கண்ட வயல்களில் அத்தகைய எருவை இடுவது, கடன்காரனுக்கு மேலும் கடன் கொடுப்பதற்கொப்பாகும்.

ஒருவர் தனியே ஐந்து மூட்டை வாங்கும்போது வியாபாரியிடம் மணலுக்குக் கழிவு கேட்பது கடினம். ஊரார் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் ஒரு லாரி எருவாய்ச் சேர்ந்து வாங்கி, இறக்குமுன் கிராம அதிகாரி ஒருவர் முன்னிலையில் மேற்கண்ட சோதனையைச் செய்து, மணலுக்குத் தக்கபடி விலை குறைக்கும் நிபந்தனையை முன்னதாகவே எழுதி வாங்குவது உத்தமம். ஐயம் மிகுந்தால் மாதிரியை முத்திரையிட்டு ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அவ்வாறு செய்யும் ஊர் என்று பெயர் பரவினாலே போதும், மணல் மூட்டை வேறு ஊரைத் தேடிப் போய்விடும்.

வயலில் இடும்போது கவனிக்கவேண்டியவை சில. மீன் எரு விரைவில் பலன் தரும் வகையைச் சேர்ந்தது; கட்டுத்தரை எருவைப்போல் பல ஆண்டுக்கு நிலத்தில் நிற்பதன்று. ஆகையால் கட்டுத்தரை எருவுக்குப் பதிலாக அன்றி, அதனுடன் கூட இடத்தக்கது. தூளாக்கி ஈரமண்ணுடன் கலந்து, கடைசி உழவிலோ, மஞ்சளுக்கு மண் அணைக்கும்போதோ இட்டு உடனே மூடவேண்டும். மூடாவிடில் நாயும் காக்கையும் கிளறிவிடும்; ஊரும் நாறும். சுண்ணாம்போடும் புதுச் சாம்பலோடும் கலந்து வைத்தால் தழைச்சத்து ஆவியாகிப் பறந்துவிடும். மஞ்சளுக்கும் வாழைக்கும் சாம்பல்சத்து மிகுதியாய் வேண்டியிருப்பதால், அதை வேறாகக் கொடுக்கவேண்டும். மீன் எருவை மட்டும் நம்பலாகாது.

கோழிப் பண்ணை வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். நம் கொங்கு நாட்டில் பண்ணைகள் பெருகியபின், கரையில் காயும் காரல், நெத்திலி முதலிய சில்லறை மீன்கள் பெரிதும் தீவனத்துக்கே போகின்றன. தீவனத்தில் மணலும் உப்பும் சேர்ந்தால் நிலத்தைப்போலக் கோழி பொறுத்துக்கொண்டிராது; உப்பு மிகுந்தால் கழிச்சல் காணும். அதே நீர்ச் சோதனையை அங்கும் செய்யலாம்.

மணலே இல்லாத மீன் எரு நமக்கு அருகிலேயே உண்டென்பதையும் மறக்கலாகாது. மேட்டூர், பவானிசாகர் அணைகளிலிருந்து வரும் மீன் விற்கும் இடங்களில் தலை, குடல், செதிள் ஆகியவை நாள்தோறும் கழிவாய்ப் போகின்றன. அவற்றைச் சம எடை நாட்டுச் சர்க்கரையுடன் பிசைந்து, மூடிய பாத்திரத்தில் 21 நாளுக்குக் குறையாமல் வைத்திருந்தால் நொதித்துக் கரைசலாகும்; அதை வடிகட்டி, லிட்டர் நீருக்கு 5 மில்லி வீதம் இலைமேல் தெளிக்கும் வழக்கம் இப்பொழுது பரவி வருகிறது. சர்க்கரைக்கு நாம் வெளியூர் போகவேண்டியதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை அனுப்பும் கவுந்தப்பாடிச் சந்தை நம் பக்கத்திலேயே இருக்கிறது. உடைந்து கறுத்த மலிவான சர்க்கரையே இதற்குப் போதும். இக்கரைசல் அளவில் சிறியதாகையால் அடியுரத்துக்கு ஈடாகாது. மீன்கழிவு மிகுதியாய்க் கிடைக்குமாயின், அதைத் தோட்டக்காலில் ஒரு குழியில் இலை, மண், சாணத்துடன் அடுக்கடுக்காய் இட்டு, மேலே அரை அடி மண் மூடி மக்கவைப்பதே மேலானது. பனிக்காலத்தில் மக்குவதற்குச் சற்றுக் கூடுதலாய் நாள் பிடிக்கும். மார்கழியில் மூடிய குழியைச் சித்திரையில் திறந்தால் வைகாசி மஞ்சள் நடவுக்கு எரு தயாராயிருக்கும்.